தலக்காட்டு மணலிலே

சேலம், மேட்டூர்ப் பக்கங்களிலிருந்து மைசூர்ச் சீமைக்குப் பிழைப்பு நாடி வந்த குடும்பங்களுக்குப் பாலாறு என்னும் பெயர் புதிதன்று. கொளத்தூர் வழியாக வரும் பேருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். இங்கே நான் சொல்வது வேலூர் வழியாக ஓடும் பெரிய பாலாறு அன்று. மாதேசுவரன் மலையின் அடிவாரக் காட்டில் ஓடி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் அருகே காவிரியோடு கலக்கும் சிற்றாறு. இரு மாநிலங்களுக்கும் இன்று அதுவே எல்லை.

அந்த எல்லை என்றும் அங்கேயே இருந்ததில்லை. 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரையில் கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் அது மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997-இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. எல்லைதான் பெயர்ந்ததேயன்றி, ஆறும் அதன் கரையிலே குடியிருந்த மக்களும் பெயரவில்லை.

பாலாற்றைக் கடந்து, மலையேறி இறங்கி, ஹனூர், கொள்ளேகால் வழியாக மைசூருக்கு வரும் சாலையில் நம்மில் பலர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய் வருகிறோம். அச்சாலையிலிருந்து சற்றே விலகி, காவிரியின் கரையில், ஓர் ஊர் மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. அதுவே தலக்காடு. மைசூரிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இத்தனை அருகில் இருந்தும் நம் குடும்பங்களில் அதைக் கண்டவர் சிலரே. இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நான், சென்ற மார்கழியில் ஒரு விடுமுறை நாளில் என் தாயாரையும், மனைவியையும், பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்று வந்தேன். அங்குக் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மணற்பாலை என்றதும் நமக்கு இராஜஸ்தானம் நினைவுக்கு வரும். ஜெய்சல்மேர் அருகே 3,000 சதுர கிலோமீட்டருக்கும் மிகுந்த பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. அருகிவரும் கானமயில் என்னும் பெரும்பறவைக்கு அதுவே முக்கியமான புகலிடம். அப்பகுதிக்குச் செல்வோர் மணற்குன்றுகளிலே நடக்கிறார்கள். ஊர்களுக்குச் சென்று மாங்கணியார் என்னும் பாணர் குலத்தாரின் பாட்டைக் கேட்கிறார்கள். இரயில்வே பாஸ் கையில் இருந்தாலும், அவ்வளவு தூரம் குடும்பத்தோடு போய்வர எல்லார்க்கும் இயலுமோ? ஆயினும் மணலில் நடப்பதும், அம்மணல் சொல்லும் பழங்கதையைக் கேட்பதும் நமக்கு ஒரு நாள் தொலைவிலேயே கிட்டுகின்றன.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அங்கே மழை இல்லாமையால் மணல்; இங்கே ஆற்றின் கரையிலேயே மணல். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொல்லிவைத்தார். மருதமும் அவ்வாறு திரியக்கூடும் என்பதற்குத் தலக்காடு சான்றாக நிற்கிறது.

மைசூரிலிருந்து பேருந்தில் திருமகூடல் நரசிபுரம் சென்றோம். அங்குக் கபினியும் காவிரியும் கூடுகின்றன. அதற்கப்பால் இருமருங்கும் நெல் வயலும் கரும்புத் தோட்டமும். தஞ்சைப் பக்கத்தில் போவது போன்றே தோன்றியது. தலக்காட்டில் இறங்கிச் சிறிது தூரம் நடந்ததும் வயல் மறைந்து மணல் தொடங்கிவிட்டது. மேடும் பள்ளமுமாக ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு அந்த மணல் கிடக்கிறது. ஓரடி எடுத்து வைத்தால் அரையடி பின்னே சரிகிறது. என் தாயார் என் மகனின் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்தார். சில இடங்களில் கூரையிட்ட நடைபாதை இருப்பது முதியோர்க்குப் பெரிய உதவி.

இங்குள்ள கோயில்களுக்கு ஏறிப் போவதில்லை, இறங்கிப் போகிறோம். மணலை அகழ்ந்து எடுத்த பள்ளத்தின் அடியில் பாதாளேசுவரர் கோயில் இருக்கிறது. மருளேசுவரர் கோயிலும் அத்தகையதே. வைத்தியேசுவரர் கோயில் பெரியது. அதன் வாயிற்காவலர் சிற்பங்களை என் மகன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். இவற்றோடு அர்க்கேசுவரரையும், முடுகுத்தொரைக் குன்றின்மேல் உள்ள மல்லிகார்ச்சுனரையும் சேர்த்துப் பஞ்சலிங்கம் என்பர். கார்த்திகை மாதத்து அமாவாசை திங்கட்கிழமையில் அமைந்து, குறித்த நட்சத்திரமும் கூடும் நாளில் இவ்வைந்தையும் ஒரே நாளில் தரிசிப்பது பெரும் பேறாகக் கருதப்படுகிறது. அண்மைக் காலத்தில் 2006, 2009, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் அந்நாள் வாய்த்தது.

இந்த ஊர் மணலானது எப்படி? பூ விற்கும் மூதாட்டி ஒருவர் என் தாயாருக்குச் சொன்ன கதை, மைசூர்ச் சீமையில் பிள்ளைகளும் அறிந்த கதையே. சீரங்கப்பட்டணத்தில் விசயநகரப் பேரரசின் ஆளுநராக இருந்தவரின் மனைவி அலமேலம்மா. 1610-இல் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்டார். அலமேலம்மாவிடம் இருந்த நகைகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்த அம்மையார் தலக்காட்டுக்கு எதிரே உள்ள மாலங்கியில் காவிரியில் இறங்கி, தலக்காடு மணலாகுக, மாலங்கி மடுவாகுக, மைசூர் அரசர்க்கு மகப்பேறு இல்லாது போகுக என்று சபித்து, நகைகளோடு மூழ்கினார் என்பது கதை. அரச குடும்பத்தில் பலமுறை தத்துப் பிள்ளைகளே பட்டத்துக்கு வந்தமையால் மக்கள் இதை உறுதியாக நம்பினர். 2017-இல் அக்குடும்பத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தபோது, சாபம் தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

என் தாயார் இதைக் கேட்டுவிட்டு, "பொம்பளை வயிறெரிஞ்சா எந்த ஊருதான் தாங்கும்?" என்றார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இழைத்த அநீதியை நானூறு ஆண்டுகளாக ஊர் மறவாமல் சொல்லிவருவது நல்லதே. ஆயினும் மணல் வந்த வழி வேறு.

பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர அமைச்சரான மாதவ மந்திரி தலக்காட்டுக்கு மேலே காவிரியின் குறுக்கே ஓர் அணை கட்டினார். ஊருக்கு அருகே ஆறு வளைந்து திரும்புகிறது. அணையால் நீர் குறைந்தபோது வளைவில் கிடந்த மணல் வெளிப்பட்டுக் காய்ந்தது. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்காற்று அதை வாரி வந்து ஊரின்மேல் கொட்டியது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மணல் ஆண்டுக்கு 9 அல்லது 10 அடி முன்னேறியது என்றும், மக்கள் வீடுகளை விட்டுப் பின்வாங்கிக்கொண்டே சென்றனர் என்றும், முப்பதுக்கு மேற்பட்ட கோயில்கள் மணலின் அடியில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்றும் பழைய ஆங்கில அரசாங்க நூல்கள் குறிக்கின்றன. ஒரே இரவில் வந்த அழிவு அன்று அது. வியப்பு என்னவெனில், அதே அணையின் கால்வாயே நாங்கள் வழியிற் கண்ட நெல் வயல்களுக்கு நீர் தருகிறது. ஊரை மூடிய மணலுக்கும் ஊருக்குச் சோறிடும் வயலுக்கும் தாய் ஒன்றே.

இனி, நம்மவர் விரும்பிக் கேட்கும் வரலாற்றுக்கு வருவோம். தலக்காடு மேலைக் கங்கரின் தலைநகராய்ப் பல நூற்றாண்டுகள் விளங்கியது. 1004-ஆம் ஆண்டளவில், முதலாம் இராசராசன் காலத்தில் சோழர் அதனைக் கைப்பற்றி இராசராசபுரம் என்று பெயரிட்டனர். நூறாண்டுக்குச் சற்று மேல் சென்றபின், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் சோழரின் கீழிருந்த அதியமானை வென்று ஊரை மீட்டு, தலக்காடுகொண்டான் எனப் பெயர் சூடினான். அவ்வெற்றியின் நினைவாக 1117-இல் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். இக்கோயிலும் மணலில் மூழ்கிக் கிடந்து மீட்கப்பட்டதே.

நம் கூட்டங்களிலே சிலர் முதற்பாதியை மட்டும் மேசையைத் தட்டிச் சொல்வர். இவ்வூர் அன்பர் சிலர் பிற்பாதியை மட்டும் சொல்வர். மணல் இரண்டு பாதியையும் ஒன்றாகவே மூடியது. மேலும், ஊரைக் கொண்டவன் மொழியை அழிக்கவில்லை. ஹொய்சளர் ஆட்சியிலும் இச்சீமையின் தென்பகுதிகளில் தமிழில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. அதே விஷ்ணுவர்த்தனன் காலத்தில்தான் இராமானுசர் தமிழ்நாட்டைவிட்டு வந்து தொண்ணூரிலும் மேல்கோட்டையிலும் தங்கினார் என்பது மரபு. படையோடு வந்தவர் போய்விட்டனர். அடைக்கலமாக வந்தவரின் பெயரை இவ்வூரார் இன்றும் வணங்கிச் சொல்கின்றனர்.

கோயிலின் முன்னுள்ள அறிவிப்புப் பலகையில் கன்னடத்தில் எழுதியிருந்ததை என் மகனே எங்களுக்கு வாசித்துப் பொருள் சொன்னான். பள்ளியில் அவன் கற்பது கன்னடம். எனக்கு அதைப் பேச வருமேயன்றி விரைந்து படிக்க வராது. சற்று நேரத்தில் ஓர் அடித்தளக் கல்லருகே குனிந்தவன், "அப்பா, இது கன்னடம் இல்லையே?" என்றான். பார்த்தேன். பழந்தமிழ் எழுத்து. முழுவதும் படிக்கும் திறம் எனக்கு இல்லை. ஆயினும் ப, ம, ட என்னும் எழுத்துகள் இன்றைய வடிவத்தை ஒட்டியே இருந்தன. ஞாயிறுதோறும் பாட்டியிடம் தமிழெழுத்துப் பயிலும் அவன், அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சொன்னான். பிறகு, "நமக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க இங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டான். "வந்திருக்காங்க, தம்பி. வேற ஆளுங்களும் இருந்திருக்காங்க," என்றேன். இதைவிட நல்ல மறுமொழி எனக்கு இன்றும் தோன்றவில்லை.

இவ்விடத்தில் நம் சங்கத்துப் பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். பள்ளியிலும் தெருவிலும் கன்னடம் பேசி வளரும் நம் பிள்ளைகள் அம்மொழியை நன்கு கற்க வேண்டும். அது நாம் உண்ணும் சோற்றுக்குரிய மொழி. ஆயின் வீட்டில் எழுதிப் பழகாத தமிழ் ஒரு நாளில் மறைவதில்லை. ஆண்டுக்குச் சில அடியாக மணல் ஏறுவதைப் போல மறையும். பலகையை மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கல் ஊமை. கல்லை மட்டும் படிக்கத் தெரிந்தவனுக்கோ பலகை ஊமை. இரண்டையும் படிப்பவனே தலக்காட்டை முழுதும் காண்பான்.

ஏறும் மணலைத் தடுக்க வழியில்லை என்றும் எண்ண வேண்டா. இன்று அந்த மணல்மேட்டின் மீது மரங்கள் நிழல் செய்து நிற்கின்றன. நட்டு வளர்த்த மரங்களின் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. எங்கள் கட்டுச்சோற்றை நாங்கள் உண்டதும் அந்த நிழலிலேதான்.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். காலையிலேயே சென்றுவிடுக, கோயில்களில் செருப்பைக் கழற்ற வேண்டுமாதலால் நண்பகல் மணல் காலைச் சுடும். குடிநீர் எடுத்துச் செல்க. கரையில் பரிசல் உண்டு. ஒகேனக்கலிற் கண்ட அதே வட்டப் பரிசல்தான். ஆனால் ஆற்றில் சுழலும் ஆழமும் மிகுதி. பிள்ளைகளைத் தனியே இறங்கவிடல் ஆகாது. நேரமிருப்பின் வழியில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சோமநாதபுரக் கோயிலையும் காணலாம். பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொடுத்து, காணும் எழுத்துகளை அப்படியே வரைந்து வரச் சொல்லுங்கள். என் மகன் வரைந்து வந்த ஏழெட்டு எழுத்துகளைப் படித்துச் சொல்லக்கூடிய பெரியவர் நம் சங்கத்தில் எவரேனும் இருப்பின், அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவனை அழைத்து வருகிறேன்.