கரண்டு போனா அடிக்குமா?

சிங்கப்பூரில் இப்போது பெரும்பாலோர் வீட்டுத் தொலைபேசியைத் தேடிப்போய் வாங்குவதில்லை. இணையத் திட்டம் எடுத்தால் கூடவே வருகிறது. பல வீடுகளில் எண் இருக்கிறது, அதில் செருகத் தொலைபேசிக் கருவிதான் இல்லை.

பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஐந்து மாதங்கள், வார இறுதிகளில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் ரோட்ஷோவில் நின்றேன். பேட்டைக் கடைத்தொகுதி ஒன்றின் வாசலில் எங்கள் மேசை. நாலடி தள்ளி இன்னொரு நிறுவனம், அதற்கு எதிரே மூன்றாவது. அவர்கள் பற்றுச்சீட்டு கொடுத்தால் நாங்கள் ரைஸ் குக்கர் கொடுப்போம். அடுத்த வாரம் அவர்கள் மேசையில் மின்விசிறி இருக்கும். மூன்று துண்டுப் பிரசுரங்களிலும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: வீட்டுத் தொலைபேசி இலவசம்.

இந்த இலவசத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2000 ஏப்ரலில் தொலைத்தொடர்புச் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. 2005இல் இணையவழித் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்து, 3இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. ஸ்டார்ஹப் தன் கேபிள் வழியே ‘டிஜிட்டல் வாய்ஸ்’ தந்தது. 2007இல் சிங்டெல் ‘மியோ’ என்று கைப்பேசி, இணையம், வீட்டுத் தொலைபேசி மூன்றையும் ஒன்றாகக் கட்டி விற்றது. 2010க்குப் பிறகு கண்ணாடியிழை வந்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் வரும் இழை பெரும்பாலும் ஒரே கட்டமைப்பைச் சேர்ந்தது. அதன்மேல்தான் இத்தனை நிறுவனங்களும் ஏறி ஓடுகின்றன. இழை ஒன்றே என்றால் எதில் போட்டி போடுவது? விலை, வேகம், ரைஸ் குக்கர்.

போட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊருக்குப் பேசும்போது அம்மா ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே வைத்திருப்பார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் "சரி சரி, காசு ஏறுது, வச்சுடுறேன்" என்பார். இப்போது பெரியம்மாவோடு மணிக்கணக்கில் பேசுகிறார், சாம்பார் கொதிப்பதைக்கூட வீடியோவில் காட்டுகிறார். விலை இறங்காமல் இது நடந்திருக்காது.

ஆனால் அந்த ஐந்து மாதத்தில் ஒரே ஒருவர்தான் விலையையும் வேகத்தையும் விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார். எழுபத்தைந்து வயதிருக்கும். ஓரறை வீட்டில் தனியாக இருப்பதாகச் சொன்னார். பிரசுரத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கரண்டு போனா இது அடிக்குமா?" என்றார்.

"அடிக்காது பாட்டி."

"பழசு அடிக்குமே?"

உண்மைதான். பழைய செப்புக் கம்பி, குரலோடு மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து சுமார் 48 வோல்ட். வீடு இருண்டாலும் கருவிக்கு உயிர் இருக்கும். கண்ணாடியிழையில் ஒளிதான் வரும். சுவரிலுள்ள பெட்டியும் ரவுட்டரும் வீட்டு பிளக்கை நம்பியிருக்கின்றன. ஃபியூஸ் போனால் தொலைபேசியும் போச்சு.

"எங்க வீட்டுக்காரர் கீழ விழுந்தன்னிக்கு கரண்டு இல்ல," என்றார் பாட்டி. "இருட்டுல தடவித் தடவிப் போய்த்தான் 995 அடிச்சேன். கை போன எடத்துல போன் இருந்துச்சு."

கைப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பாட்டியிடமும் இருந்தது. பட்டன் வைத்த சின்ன போன், பையின் அடியில், அணைத்து வைக்கப்பட்டு. "சும்மா போட்டு வச்சா சார்ஜ் தீந்துரும்ல?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. "அப்ப பழசே இருக்கட்டும்" என்று பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். என்னுடன் நின்ற சீனியர், "இதெல்லாம் அவங்களா கேட்டா மட்டும் சொல்லு" என்றார். கேட்டதால்தான் சொன்னேன்.

சிங்கப்பூரில் எங்கே மின்சாரம் போகிறது என்று சிரிக்க வேண்டாம். 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்குத் தீவின் பல பகுதிகள் இருண்டன. ஏறத்தாழ 1,47,000 இணைப்புகள். முழுவதும் சரியாக 38 நிமிடங்கள் ஆயின. கட்டணத்தை ஒரு வெள்ளி குறைப்பதற்காக அடித்துக்கொண்ட நிறுவனங்களின் இணையத் தொலைபேசிகள், மாற்று மின்கலம் இல்லாத வீடுகளில், அந்த 38 நிமிடமும் எந்த வேறுபாடும் இல்லாமல் ஒன்றாக ஊமையாகி இருந்திருக்கும்.

செப்புக் கம்பி தந்த அந்தப் பாதுகாப்பை வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அது எந்தக் கட்டண அட்டவணையிலும் எழுதப்பட்டிருந்ததில்லை. எழுதப்படாத ஒன்றை ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத ஒன்றுக்காக எந்த நிறுவனமும் போட்டி போடாது. அதனால் அது போனதே பலருக்குத் தெரியவில்லை.

ரவுட்டருக்கும் சுவர்ப் பெட்டிக்கும் ஒரு சின்ன மின்கலத்தை இணைத்தால், கரண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். ரைஸ் குக்கருக்குப் பதிலாக அதைக் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்தால், மற்றவையும் பின்னால் ஓடிவரும் என்றுதான் நினைக்கிறேன். போட்டியின் குணமே அதுதானே.

உங்கள் வீட்டிலோ, தாத்தா பாட்டி வீட்டிலோ ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் வரும். அன்று மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையிடம் அந்தப் பாட்டியின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் கேட்டால் அட்டவணையில் அதற்கும் ஒரு வரி வரும்.