பிடித்த விதையைச் சோதிப்பது

நாம் மிகவும் நேசிக்கும் ஒன்றைச் சோதித்துப் பார்க்க மனம் எளிதில் ஒப்புவதில்லை. நாட்டு விதைமேல் ஆசை வைத்து வயலுக்குத் திரும்பியிருக்கும் இளைஞர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். சிறிய காகித உறை ஒன்றை நீட்டி, "பாட்டி காலத்துத் தக்காளி ஐயா. நோயே அண்டாது. ருசியும் தனி" என்பார்கள். விதையை மதிக்கும் ஒரு தலைமுறை மறுபடி வந்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் எந்தப் பட்டத்தில் நட்டீர்கள், பக்கத்து வயலில் அப்போது என்ன நின்றது, எத்தனை செடி வைத்தீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. கேள்வி கேட்பதையே அந்த விதைக்குச் செய்யும் அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். விதைமேல் மெய்யான பிரியம் உள்ளவர் அதை வெயிலிலும் மழையிலும் நோயிலும் நிறுத்திப் பொறுமையாகக் குறிப்பெடுப்பார் என்பதே நான் இத்தனை காலத்தில் கண்டது. புகழ மட்டும் தெரிந்தவர் இரண்டு போகத்தில் ஏமாந்து அந்த விதையைக் கைவிட்டுவிடுகிறார்.

தக்காளி நமக்கு எவ்வளவு பழைய சொந்தம் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அதன் காட்டு உறவுகள் தென்னமெரிக்காவின் மேற்கே, பெரு, ஈக்வடார் பக்கத்து ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் இன்றும் வளர்கின்றன. மெக்சிகோவில் அது தோட்டப் பயிராகப் பக்குவப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கையால் ஐரோப்பா போய், பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தது. புளியும் மிளகும் கொண்டு ரசம் வைத்துக்கொண்டிருந்த அடுப்புக்கு வெகு பிந்தியே வந்து சேர்ந்தது. வந்த பிறகு நம் குடியானவர்கள் செய்த வேலை சாதாரணமானதில்லை. தேறிய செடியைப் பார்த்து வைத்து, அதன் பழத்தில் விதை எடுத்து, அடுத்த பட்டத்துக்கு அதையே நட்டு, தங்கள் மண்ணுக்கும் சமையலுக்கும் ஒத்துவரும் பழத்தைக் கொண்டுவந்தார்கள். வரிவரியாகப் பள்ளம் விழுந்த தட்டைப் பழம், மெல்லிய தோல், நிறையச் சாறு, தூக்கலான புளிப்பு. இதை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒன்று. இன்று தக்காளியை அதிகம் அழிக்கும் இலைச்சுருள் நோயின் நச்சுயிரிகள் நம் பக்கத்து உலகத்தைச் சேர்ந்தவை. வெள்ளை ஈ பரப்பும் இந்தக் கிருமிகளை, தக்காளி இங்கே வந்த பிறகுதான் சந்தித்தது. எனவே பாட்டி காலத்து விதை என்பதாலேயே அதற்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சக்தியைப் பெரும்பாலும் காட்டு உறவுகளிடமிருந்துதான் எடுத்தார்கள். சோலானம் ஹாப்ரோகைட்டிஸ் என்ற காட்டுத் தக்காளியிலிருந்து எடுத்துச் சேர்த்த எதிர்ப்புத்தான் ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்-24 ரகத்தில் இருக்கிறது. சோலானம் சிலென்ஸ் என்ற இன்னொரு காட்டினம் வேறு எதிர்ப்பு மரபணுக்களைத் தந்தது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டு, இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டது. இதையெல்லாம் கேட்டு நாட்டு விதை அன்பர்கள் மனம் வாட வேண்டாம். எதிரில் நிற்பது எது என்று தெரிந்துகொண்டால்தான் நம் கையில் உள்ளதன் அருமையும் தெரியும்.

"என் வயலில் நோயே வரவில்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் நின்று பேச விரும்புகிறேன். நோய் வராத செடிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கிருமி வந்து தாக்கியும் தாங்கி நின்றது. இன்னொன்று, கிருமியே அதனிடம் வரவில்லை. வரப்பில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சைதான். மார்கழிக் குளிரில் வெள்ளை ஈ குறைவாக இருக்கும்போது எந்தத் தக்காளியும் தழைத்து நிற்கும். மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் வெள்ளை ஈ பெருகும்போது அதே விதையை நட்டுப் பாருங்கள். அதுவும் நட்ட முதல் சில வாரங்களுக்குள் நோய் தொற்றினால், இலை மேல்நோக்கிச் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகி, ஏறக்குறைய காயே இல்லாமல் போகும். காய் பிடித்த பிறகு தொற்றினால் பாதிப்பு குறைவு. ஆகவே நோய் வந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த நாளில் முதல் அறிகுறி தெரிந்தது, அப்போது செடியின் வயது என்ன, அதன்பின் எவ்வளவு வேகமாகப் பரவியது என்று எழுத வேண்டும்.

தாங்கியது எது, தப்பியது எது என்று பிரித்தறிய வழி இருக்கிறது. நோய்க்கு எளிதில் இரையாகும் என்று நன்றாகத் தெரிந்த ரகம் ஒன்றைச் சோதனை வரிசைகளுக்கு நடுநடுவே நட வேண்டும். இலைச்சுருளுக்குப் பூசா ரூபியை அப்படி நடலாம். அது சுருண்டு முடங்கியிருக்க, ஒட்டி நிற்கும் உங்கள் நாட்டுச் செடி நிமிர்ந்திருந்தால், அந்தச் செடியை நம்பத் தொடங்கலாம். பூசா ரூபியும் செழித்து நின்றால் அந்தப் பட்டத்தில் நோய் வரவே இல்லை என்று பொருள். அந்த ஆண்டின் குறிப்பை வைத்து எந்த விதையையும் புகழக் கூடாது. அதேபோல, தாங்கும் என்று உறுதியாகத் தெரிந்த ரகம் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு எல்லைகளுக்கு நடுவே உங்கள் விதை எங்கே நிற்கிறது என்பது அப்போது தெரியும். வாய்க்கால் ஓரத்தில் ஒரு ரகத்தையும் மேட்டில் இன்னொன்றையும் வைத்துவிட்டு ஒப்பிடுவதும் நியாயமில்லை. ஒவ்வொரு ரகத்தையும் வயலில் குறைந்தது மூன்று இடங்களில், சீட்டுக் குலுக்கிப் போட்டு வைப்பது போல எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து நட வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆர்.ஏ. ஃபிஷர் 1920களில் வகுத்துத் தந்த முறை இது. நம் மனத்தின் ஓரவஞ்சனையை மண்ணுக்குள் புதைத்துவிட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

மனிதர்களைப் பற்றியும் இதையே சொல்வேன். ஒருவர் மிகப் பொறுமைசாலி என்பார்கள். விசாரித்தால் பொறுமையைச் சோதிக்கும் காலம் அவருக்கு வந்ததே இல்லை. இன்னொருவரை உடைந்துபோனவர் என்று ஒதுக்கியிருப்பார்கள். அவர் நின்ற இடத்தில் நாம் நின்றிருந்தால் பாதி நாள்கூடத் தாங்கியிருக்க மாட்டோம். பிள்ளைகளையோ உறவுகளையோ வேலைக்கு வந்தவர்களையோ எடைபோடும்போது, அவர் எந்தப் பட்டத்தில் நடப்பட்டார், பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் முடிவு சொல்லாதீர்கள். இந்தப் பழக்கம் எனக்கு வயலில்தான் படிந்தது.

வாடல் நோய்க்குச் சோதனை இன்னும் எளிது. பச்சையாக இருந்த செடி சட்டென்று தலை கவிழ்ந்தால், தண்டை அடிப்பகுதியில் வெட்டி, ஒரு துண்டைத் தெளிந்த நீர் உள்ள கண்ணாடித் தம்ளரில் தொங்க விடுங்கள். வெட்டிய வாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இழை இல்லாமல், தண்டின் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் பூசண வாடலாக இருக்கலாம். இரண்டையும் வாடல் என்று ஒரே பெயரில் எழுதிவைத்தால் அந்தக் குறிப்பால் யாருக்கும் பயனில்லை. இடமும் முக்கியம். பாக்டீரியா வாடல் அமில மண்ணும் ஈரமும் உள்ள கேரளத்தில் பெரிய தலைவலி. அதனால்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா என்று அதைத் தாங்கும் ரகங்களைத் தேடிக் கொடுத்தது. வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கும் 'மி' என்ற மரபணு உலகெங்கும் பயன்படுகிறது. மண்ணின் சூடு 28 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அது வேலை செய்யாது. நம் கோடை மண் அதைவிடச் சூடானது. வேறு ஊரில் கொடுத்த நற்சான்றை நம் ஊருக்கு அப்படியே செல்லுபடியாக்க முடியாது.

இனி பழம். ருசியைச் சோதிக்கும்போது பெயரை மறைத்துக் கொடுங்கள். நாட்டுத் தக்காளி என்று சொல்லிக் கொடுத்தால் எல்லோருக்கும் இனிக்கும். ஒரே நாளில் பழுத்த, குளிர்பெட்டியில் வைக்காத பழங்களாக இருக்க வேண்டும். ஒரு வாரம் குளிரில் கிடந்த தக்காளி மணத்தை இழக்கும். வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுதாகத் திரும்பாது. சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் கருவி இருந்தால் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சந்தைத் தக்காளி பெரும்பாலும் 4, 5 என்று காட்டும். சிறிய செர்ரித் தக்காளி 7, 8 வரை போகும். ஆனால் அந்த எண் ஒன்றே ருசியாகாது. புளிப்பும் மணமும் சேர வேண்டும். அமெரிக்காவில் ஹாரி கிளீ குழுவினர் 398 தக்காளி வகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மணம் தரும் 13 பொருள்கள் இன்றைய வணிக ரகங்களில் கணிசமாகக் குறைந்திருப்பது தெரிந்தது. பழைய ரகங்களில் ருசி அதிகம் என்ற பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது என்று அன்றைக்கு மகிழ்ந்தேன்.

பழத்தின் தோளில் தெரியும் பச்சைக்கும் ஒரு கதை உண்டு. காய் பழுக்கும்முன் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருப்பது பழைய இயல்பு. அதை ஒரு குறையாக எண்ணி, காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும்படி பல பத்தாண்டுகளாக ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வால் காயின் பச்சையமும், அதனால் சர்க்கரையும் குறைந்தன என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் பவல் குழுவினர் 2012இல் காட்டினார்கள். கண்ணுக்கு அழகு தேடியதில் நாக்கு இழந்தது. நிறத்தையும் அவசரப்பட்டு எடைபோடாதீர்கள். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் எந்தப் பழமும் ஆரஞ்சாகத்தான் நிற்கும். அது பருவத்தின் குற்றம். விதையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அன்னஞ்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தேனிக்குப் பக்கத்து ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஓர் உள்ளூர்த் தக்காளி இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அந்த விதையை எடுத்து, அதில் மாற்றத்தைத் தூண்டி, வந்த செடிகளைச் சலித்துத் தேர்ந்தெடுத்து பி.கே.எம். 1 என்று வெளியிட்டார்கள். தட்டை உருண்டைப் பழம், தோளில் பச்சை, மானாவாரியிலும் தாங்கும், தூரச் சந்தைக்கும் போகும். இன்று நாட்டுத் தக்காளி என்று நம்மிடம் வரும் விதையில் பல நேரம் இந்தப் பி.கே.எம். 1தான் இருக்கிறது. அன்னஞ்சியைப் பழசு என்று ஒதுக்கியிருந்தாலும், குறையே இல்லாதது என்று கொண்டாடிவிட்டு நிறுத்தியிருந்தாலும் இது பிறந்திருக்காது. யாரோ அதைக் கூர்ந்து பார்த்தார்கள். நல்லதை நல்லது என்றும், போதாததைப் போதாது என்றும் எழுதினார்கள்.

சோதனையில் தோற்ற விதையை எறியாதீர்கள். ரசத்துக்கு மணக்க மணக்கப் பழம் தரும் ஒரு ரகம் வாடலில் சாகிறது என்றால், அதன் நாற்றைச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டிப் பார்க்கலாம். சுண்டை வேர் அந்த நோயைத் தாங்கும். இலைச்சுருளில் சாகிறது என்றால் கோடையை விட்டுக் குளிர் பட்டத்தில் மட்டும் நடலாம், அல்லது தாங்கும் ரகத்தோடு கலப்புக்குக் கொடுக்கலாம். பெட்டியில் அடுக்கி ராயக்கோட்டைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் அனுப்பத் தாளாத மெல்லிய தோல் பழம், ஊர்ச் சந்தையில் காலையில் பறித்து அன்றே விற்கும் குடும்பத்துக்குப் போதும். எல்லாப் பழமும் லாரி ஏற வேண்டும் என்று யார் விதித்தது?

விதை எடுக்கும்போது, நோயில்லாத செடியில் இரண்டாம், மூன்றாம் கொத்துப் பழத்தை நன்றாகப் பழுக்க விட்டு எடுங்கள். சதையோடு ஓரிரு நாள் புளிக்க வைத்து, அலசி, நிழலில் உலர்த்துங்கள். தேமல் கண்ட செடியில் விதை எடுக்கவே வேண்டாம். அந்த நச்சுயிரி விதைத் தோலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். சூல்முடி பூவுக்கு வெளியே நீண்டிருக்கும் பழைய வகைகள் அயல் மகரந்தம் ஏற்கும் என்பதால், விதைக்கு விடும் கொத்தின் மேல் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். உறையின்மேல் ஊர், பட்டம், பழத்தின் குணம் எழுதும்போது, எந்த நோயில் எந்த வயதில் வீழ்ந்தது என்பதையும் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர்களின் ரகங்களைப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. அதற்கும் இந்தக் குறிப்புகள் கைகொடுக்கும். வரும் ஆடிப்பட்டத்துக்கு நாற்று விட இருப்பவர்கள் பூசா ரூபி விதையும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். தையில் மறுபடி நாற்று விட்டு, மாசியில் அதே விதைகளை அதே வயலில் நடுங்கள்.