கால் காக்கும் கை

மேல்மலையனூர் அங்காளம்மனின் அமாவாசை ஊஞ்சலைக் காணச் சென்னை, வேலூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களில் வேண்டுதலுக்காகச் செருப்பில்லாமல் நடப்பவர்கள் ஏராளம். சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டைக் கொல்லையிலும் நெல் வயலிலும் இறங்குகிறவையும் வெறுங்கால்களே. சர்க்கரை நோய் முற்றியபின் இதே கால்கள்தான் செஞ்சி வழியாக முண்டியம்பாக்கத்துக்கு, 2010-ல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு, அல்லது அவலூர்ப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகின்றன. பொது அறுவை மருத்துவரின் தொழிலைப் புரிந்துகொள்ள ஆபரேஷன் தியேட்டரைவிட டிரஸ்ஸிங் அறையே ஏற்ற இடம் என்பது என் எண்ணம். நோயாளியிடம் பொறுமையாகப் பேசுவதையும் அவர் காலைத் தொட்டுப் பார்ப்பதையும் டாக்டரின் நல்ல குணம் என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு தொழிலைக் குறைத்து மதிப்பிடுகிறது. பேச்சும் தொடுதலும் அறுவை வேலையின் பாகங்கள். கத்தி பிடிப்பதைப் போலவே கற்பிக்கவும் அளக்கவும் வேண்டியவை.

சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் பிரிப்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் இது விளங்கும். சதையோடு ஒட்டிக்கொண்ட கடைசித் துணியைச் சலைன் ஊற்றி நனைத்து எடுப்பார்கள். கறுத்துச் செத்த சதையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போவார். சிவப்பாக ரத்தம் கசிகிற இடம் வந்ததும் கை நின்றுவிடும். அதற்கப்பால் இருப்பது உயிருள்ள சதை. மரத்துப்போகிற ஊசி போடாமலே இவ்வளவையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளிகள் உண்டு. வலிக்கவில்லை என்பதை அவர்கள் நல்ல சேதியாகச் சொல்வார்கள்; உண்மையில் ஆபத்தே அதுதான். உணர்வு போன கால், குத்திய முள்ளோடு நாள்கணக்கில் நடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நைலான் இழை போதும். பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் அது வளையும். கண்ணை மூடியிருக்கும் நோயாளிக்கு அது படுவது தெரியாவிட்டால் அந்தக் காலைக் காக்கும் வேலை அன்றே தொடங்கியாக வேண்டும். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கிய பால் பிராண்ட் இந்த உண்மையை நன்கு அறிந்தவர். விரல்களை நோயே தின்கிறது என்று பலரும் நம்பிய காலத்தில், உணர்வில்லாத கைகால் அன்றாடம் படும் காயங்களே பெருங்காரணம் என்று காட்டினார். அறுவை நிபுணரான அவர் மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்விப்பதில் அத்தனை அக்கறை எடுத்துக்கொண்டார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அந்த அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் கொண்டுபோனார். செருப்பை அவர் தம் சிகிச்சையின் பகுதியாகவே கருதினார்.

விழுப்புரம் மாவட்டமே இன்னொரு சான்றும் தருகிறது. 1890களில் திண்டிவனத்தில் மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று பேர் வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவர் தொடக் கணவர்கள் சம்மதிக்கவில்லை. டாக்டரின் மகள் ஐடாவை அழைத்தார்கள். மருத்துவம் படிக்காத ஐடாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின் மருத்துவம் படிக்கப் போய், 1899-ல் கார்னெலில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஐடா ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதே இன்றைய சி.எம்.சி. அன்றிரவு மருத்துவத் திறமை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. வீட்டுக்குள் நுழைவதற்கான நம்பிக்கை இல்லாததால் அது பயன்படாமல் போயிற்று. நம்பிக்கையைச் சம்பாதிப்பது மருத்துவத்துக்குப் புறம்பான காரியம் என்றால், அந்த மூன்று சாவுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

கூட்டம் நெரிகிற ஓ.பி.யில் பேச ஏது நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லாவற்றையும் டாக்டர் ஒருவரே செய்ய வேண்டியதில்லை. நைலான் இழையை வைத்துப் பார்க்க ஸ்டாஃப் நர்ஸால் முடியும். தினமும் கட்டுப் போடுகிறவர் புண்ணின் போக்கை டாக்டருக்கு முன்பே அறிவார். பேச்சின் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்ப்பதுதான்: நோயாளி யார், எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றியபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. கைத்திறன்தான் முதலில் என்பாரும் உண்டு. சீழ் பிடித்துக் காய்ச்சலோடு நடுராத்திரி வருகிற காலுக்குக் கத்திதான் மருந்து, மறுக்கவில்லை. ஆனால் ஆற்றி அனுப்பிய புண், வெறுங்காலோடு வயலுக்குத் திரும்பியதும் மறுபடி திறந்துகொண்டால், கத்தி செய்த நல்ல வேலையும் வீண்தான்.

நோயாளிகள் முற்றவிட்டு வருகிறார்கள் என்ற குறையும் சொல்லப்படுகிறது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத வீட்டில், வலிக்காத புண்ணுக்காக யாரும் பஸ் ஏற மாட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தைக் காசாக்க, தனியார் மருத்துவமனைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடுத்தும் அந்த வழக்கம் ஒழியவில்லை. அரசுக் காப்பீட்டு அட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நகையை அடகு வைக்கிற நிலைக்கு ஏழைகளை இதுதான் தள்ளுகிறது. உழுகிறவனின் காலைக் காட்டிக் கமிஷன் பார்ப்பது திருட்டு. அதற்கு மெல்லிய பெயர் வேண்டாம். “இந்த விரலை எடுத்துட்டா கால் தப்பும்மா, அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க அப்பாவைக் கூட்டிட்டு வந்துடு” என்று கூட வந்த மகளுக்குப் புரியும்படி சொல்கிற டாக்டர் இருக்குமிடத்தில் தரகருக்கு வேலையில்லை.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஐந்தரை ஆண்டு, எம்.எஸ்.ஸுக்கு மூன்று ஆண்டு உழைத்த பின்னும் பொது அறுவையை உயர்சிறப்புப் படிப்புக்கான படிக்கட்டாக மட்டும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறப்பு நிபுணர்கள் வேண்டியவர்களே. ஆனால் குடல்வால், குடலிறக்கம், சீழ்க்கட்டி, சர்க்கரைப் புண் என்று எதுவானாலும் மேல்மலையனூர்க்காரருக்கு முதலில் கிடைப்பவர் பொது அறுவை மருத்துவர். ஆளை முழுதாகப் பார்க்கும் கடமை அவருக்கே அதிகம். அவர் எத்தனை ஆபரேஷன் செய்தார் என்று மட்டும் கணக்கெடுப்பது போதாது. ஓராண்டு கழித்து எத்தனை பேர் சொந்தக் காலில் நடக்கிறார்கள், எத்தனை பேர் மறுபடி காட்ட வந்தார்கள் என்ற பதிவேடு ஒவ்வொரு அரசு அறுவைப் பிரிவிலும் இருக்க வேண்டும். தியேட்டர் பதிவேட்டுக்கு உள்ள மதிப்பு அதற்கும் கிடைத்தால், வெட்டாமல் காப்பாற்றிய காலும் டாக்டரின் வேலைக்கணக்கில் ஏறும்.