நேரத்துக்குச் சோறு

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்க தெருவில் பசி போய்விடும். ஆனி பிறந்ததும் மேக்கே மூட்டம் போடும். தென்காசிக் கோபுரத்துக்குப் பின்னால மலையே தெரியாது. அருவியில் தண்ணி விழுந்த சேதி வந்த மறுநாளே எங்கம்மா லாட்ஜில் கூட்டிப்பெருக்கவும் கக்கூஸ் கழுவவும் போயிருவா. ராத்திரி திரும்பும்போது வயர்க்கூடையில் பொட்டலம் இருக்கும். சீசனுக்கு வந்தவர்கள் தின்று மிச்சம் வைத்த பரோட்டா, சால்னா, சில நாள் பிரியாணி. எல்லாம் ஒண்ணாக் கலந்து ஊறிக் கிடக்கும். நாங்க அஞ்சு பிள்ளைகள். சட்டியைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு பேச்சு இருக்காது. மென்று தின்கிறவனுக்குப் பங்கு குறையும். அதனால் நாங்கள் மெல்லவில்லை, விழுங்கினோம்.

சீசன் முடிந்தால் சிற்றாற்றுப் பாசன வயலில் நடவு, அறுப்பு. அதுவும் இல்லாத மாசத்தில் ஒரு வேளைக் கஞ்சி. நான் மூணாங்கிளாஸ் படிக்கையில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். மத்தியானம் ஒன்று உறுதியாச்சு. ஆறாம் வகுப்புக்கு விடுதிக்குப் போனேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சோறு இருக்கும் என்று சொல்லமுடியாது. சனிக்கிழமையே வயிறு முட்டத் தின்றுவைத்துக்கொள்ளப் பழகினோம்.

இந்தக் கதை நம்ம பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ளதுதான். இப்போது எழுதக் காரணம் வேறு. ஐம்பது வயசுக்குப் பிறகு எனக்குள்ள ஒரு நோய்க்குப் பேர் கிடைத்தது.

சர்க்கார் வேலை, மாசச் சம்பளம், தென்காசியில் சொந்த வீடு. சோத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாரத்தில் நாலு ராத்திரி எனக்கு ஒன்று வரும். ஆபீஸ் விட்டு வண்டியை பிரானூர் பார்டர் பக்கம் விடுவேன். "வீட்டுக்குப் பார்சல்" என்று சொல்லிப் பன்னிரண்டு பரோட்டா, இரண்டு கோழி வாங்குவேன். இலஞ்சி ரோட்டில் விளக்கில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, நின்றபடியே தின்பேன். ருசி தெரியாது. பாதியில் போதும் என்று தோணும், கை நிற்காது. இலையை வாய்க்காலில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒண்ணும் நடக்காததுபோல மறுபடியும் சோத்துக்கு உட்காருவேன். மறுநாள் எனக்கு நானே தண்டனை. காலையிலும் மத்தியானமும் பட்டினி. சாயங்காலம் வண்டி தானாக அதே ரோட்டுக்குத் திரும்பும்.

ஆபீஸில் என்னைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாந்தரம் சாம்பார் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே இன்னொருத்தரிடம், "கிடைச்சா விடமாட்டானுவ" என்றார். அந்த 'அனுவ' எனக்கு மட்டும் சொன்னதில்லை. எங்கம்மாவுக்கு, எங்க தெருவுக்கு, எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னது. அன்றையிலிருந்து முப்பது வருசம், ஆபீஸ்காரர்கள் முன்னால் இரண்டு இட்டிலிக்கு மேல் தொட்டதில்லை. நாகரிகமானவன் என்று பேர் வாங்கினேன். பகலில் வாங்கிய அந்தப் பேருக்கு இருட்டில் விலை கொடுத்தேன்.

நர்சிங் படிக்கிற என் மகள் வண்டிப் பெட்டியில் பரோட்டாக் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். "யப்பா, இது கெட்ட பழக்கம் இல்லப்பா, நோய்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு முன்பே சர்க்கரை கூடி ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "வாயைக் கட்டும்வே" என்று எழுதிக்கொடுத்திருந்தார். நான் கட்டாத வாயா?

மகள் திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்தம்மா என் எடையைக் கேட்கவில்லை. "நிறுத்தணும்னு நினைக்கும்போது நிறுத்த முடியுதா?" என்று கேட்டார். முப்பது வருசத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்குப் பேச்சு வரவில்லை.

பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்று பேர் சொன்னார். கொஞ்ச நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகத் தின்பது, அப்போது கை தன் வசத்தில் இல்லாமல் போவது. வேகவேகமாக விழுங்குவது, வயிறு வலிக்கிற அளவுக்குத் தின்பது, பசி இல்லாமலே தின்பது, வெட்கப்பட்டு ஒளிந்து தின்பது, பிறகு தன்னையே வெறுப்பது. கடைசியாகச் சொன்ன ஐந்தில் மூன்றாவது இருந்து, வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் நடந்தால் இந்த நோய். தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றும் பழக்கம் இதில் சேராது. அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் 1959லேயே இப்படித் தின்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக ஏறியது 2013ல்தான். பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை, ஆம்பளைக்கும் நிறைய வருகிறது.

எனக்குப் புரியவைத்தது இன்னொரு சங்கதி. 1944-45ல், இரண்டாம் உலகப்போர் சமயத்தில், மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். போருக்குப் போக மறுத்து, இதற்குத் தாங்களாக முன்வந்தவர்கள். பசியில் அவர்களுக்குச் சோத்தைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. பட்டினி முடிந்து சோறு கிடைத்த பிறகும் சிலரால் நிறுத்த முடியவில்லை. வயிறு நிறைந்தும் பசித்தது. ஆறு மாசப் பசிக்கே அப்படி என்றால், தலைமுறை தலைமுறையாக அரை வயிறு கிடந்த எங்களுக்கு? எங்களை யாரும் ஆராயவில்லை. எங்கள் பசிக்குத் தொடங்கிய தேதியும் இல்லை.

இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிகள் வெகுகாலம் மேல்நாட்டு வெள்ளைக்காரப் பெண்களை வைத்தே நடந்தன. 2017ல் டெக்சாஸ் சான் அன்டோனியோவில் இலவச உணவு வாங்க வந்த ஏழைகளிடம் கரோலின் பெக்கரும் கூட இருந்தவர்களும் விசாரித்தார்கள். வீட்டில் பசி அதிகமாக இருந்தவர்களிடம்தான் இப்படிக் கட்டுமீறித் தின்பதும் அதிகமாக இருந்தது. சோறு கண்ட நாளில் அளவில்லாமல் தின்பதும், காணாத நாளில் கிடப்பதும். சனிக்கிழமை ராத்திரி விடுதி எனக்கு ஞாபகம் வந்தது.

வைத்தியத்துக்கு வருகிறேன். மாத்திரை உண்டு. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன் என்ற மருந்துக்கு 2015ல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. அது அடிமைப்படுத்தக்கூடிய வகை, இதயத்தையும் பார்க்கவேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் டோபிரமேட் சிலருக்குக் கேட்கிறது, ஆனால் ஞாபகம் மங்கும், கைகால் மதமதக்கும். மனச்சோர்வு மாத்திரைகளும் ஓரளவு உதவும். இங்கிலாந்தின் 2017 வழிகாட்டுதல், மாத்திரையை மட்டும் நம்பாதே என்கிறது. முதலில் ஒருவர் துணையோடு புத்தகம் வைத்துத் தானே செய்யும் பயிற்சி. அது போதாவிட்டால் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை. ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர். இதனால் எடை பெரிதாகக் குறையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

சிகிச்சையின் முதல் விதி என்ன தெரியுமா? மூணு வேளை நேரத்துக்குச் சாப்பிடணும். இடையில் சின்னதாக இரண்டு மூன்று தரம். நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. பட்டினிதான் அடுத்த வெறிக்கு வழி. டாக்டரம்மா சொன்னபோது சிரித்துவிட்டேன். எங்கம்மா வாழ்நாள் பூராவும் எங்களுக்குக் கொடுக்க நினைத்துக் கொடுக்கமுடியாமல் போனதை, மருந்துச் சீட்டில் எழுதித் தருகிறார்கள்.

இரண்டாவது, நோட்டுப் போடணும். என்ன தின்றேன், எப்போ, எங்கே, அப்போ மனசில் என்ன ஓடியது. ஒரு மாசம் எழுதிப் புரட்டினால் தெரிந்தது, பார்டருக்குப் போன நாள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பட்டினியோ ஒரு அவமானமோ இருந்தது.

தோழர் ஒருவரிடம் சொன்னேன். "நம்ம பசியையும் நோயாக்கிட்டானுவளா? சாதி செஞ்சதுக்கு உமக்கு வைத்தியமா?" என்றார். நியாயமான கேள்வி. பல நாள் யோசித்தேன். சாதி உடைத்த காலாக இருந்தாலும் கட்டுப்போடத்தானே வேண்டும். கட்டுப்போட்டதால் உடைத்தவன் தப்பிவிடுவதில்லை. வெட்கத்தில் ஒளிந்து தின்றுகொண்டிருந்தவரை நானே என்மேல் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன். பேர் தெரிந்த பிறகுதான் குற்றம் எங்கே என்று பார்க்க முடிந்தது.

இன்று நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் காலைச் சோறும் உண்டு, 2022ல் தொடங்கியது. நேரத்துக்கு விழுகிற அந்தச் சோறு ஒரு வைத்தியம் என்று எனக்கு இப்போது தெரியும். என்னைப்போல ஒளிந்து தின்கிறவர்கள் நம்மிடையே இருந்தால், பேசுவதற்கு 14416 என்ற அரசின் மனநல எண் இருக்கிறது. காசு கிடையாது.

நான் முழுசாகக் குணமாகவில்லை. வாரம் நாலு என்பது மாதம் ஒன்றிரண்டு ஆகியிருக்கிறது. எடை அப்படியே இருக்கிறது. நான் எழுதுவதைப் பார்த்து அம்மா கேட்டாள், "ஏ அய்யா, திங்கதுக்குக் கணக்கு எழுதுதியா? யாருக்குக் காட்டணும்?" யாருக்கும் இல்லம்மா என்றேன். அவள் இன்னும் மெல்லாமல்தான் விழுங்குகிறாள்.

போன ஆடியில் குற்றாலத்தில் ஒரு ஆபீஸ் விசேஷம். பந்தியில் எல்லாரும் இருந்தார்கள். பசித்தது. பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னொரு கரண்டி சோறு, சாம்பாரும் ஊத்துங்க" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. மென்று தின்றேன். அன்றைக்கு ராத்திரி வண்டி பிரானூர்ப் பக்கம் போகவில்லை. அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.