எத்தனை இழை போட்டால் விரல் மடங்கும்?

விரலை மடக்கும் தசைநாண் கத்தியில் அறுந்தால் தைத்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான்! அசைக்காமல் கட்டிவைத்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டி விரல் விறைத்துவிடும். சீக்கிரம் அசைத்தாலோ தையல் விட்டுப்போகலாம்.

அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னெல் விரலடிப் பகுதியை 'யாருமற்ற நிலம்' என்றார். அங்கே உடனே தைக்காதீர்கள் என்பதே அன்றைய விதி. 1967-ல் கிளைனர்ட் குழுவினர் அங்கேயும் தைத்து நல்ல பலன் காட்டினார்கள்.

சரி, எந்தத் தையல் பலம்? தைத்த தசைநாணை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்க்கிறார்கள். வெட்டைக் கடக்கும் இழைகள் கூடக்கூட பலமும் கூடுகிறது. கெஸ்லர் தையலில் 2 இழை. 4 போட்டால் ஏறக்குறைய இரு மடங்கு.

அப்படியானால் 8 போடலாமே? போடலாம். ஆனால் தைத்த இடம் தடித்து, குறுகிய உறைக்குள் வழுக்கி ஓடாமல் சிக்கும். வரவு செலவுக் கணக்கேதான்! அதனால்தான் பலரும் 4 இழை போட்டு, ஓரத்தைச் சுற்றி மெல்லிய தையல் ஒன்றும் சேர்க்கிறார்கள். டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவேண்டுமே!