மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்



கடந்த மே மாதம் ஆராதனையின் முடிவில், பழைய பிரசங்கப் பதிவுகளையும் படங்களையும் வைத்திருப்போர் அவற்றைப் போதகர் இல்லத்திற்குக் கொண்டுவரும்படி அறிவித்தேன். கணினி பழுதாகிவிட்டது என்று மட்டும் காரணம் கூறினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இந்த வாரம் எழுதுகிறேன்.

என் வாசிப்பறையில், புத்தக அலமாரியின் உச்சியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். அதனுள் நான்கு வன்தட்டுகள். ஆறு ஆண்டுப் பிரசங்கங்கள், பாடகர் குழுவின் ஒலிப்பதிவுகள், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பின் சபையார் எடுத்த படங்கள், ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல்கள் எல்லாம் அதில் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. நம் சபையின் சூளைப் பெரியவர் மூன்று மாலைப்பொழுதுகள் என்னோடு அமர்ந்து பேசிய பதிவு அது. இவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் வாழ்நாளெல்லாம் ஃபியூஸ் கட்டைகளையும் இன்சுலேட்டர்களையும் சுட்டெடுத்தவர் அவர். சபை கீற்றுக்கொட்டகையில் கூடிய காலத்தைக் கண்டவர்களில் கடைசியாக மீந்திருந்தவர். அடுத்த ஆண்டே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மின்விசிறியின் இரைச்சலை நீக்கிச் சீர்செய்தபின் குடும்பத்தாருக்குக் கொடுக்கலாம் என்று அந்தப் பதிவை நான் வைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன்.

அந்தப் பெட்டியின்மேல் எனக்கிருந்த நம்பிக்கைக்கு ஒரு கணக்கு காரணம். 7, 4, 9 என்ற மூன்று எண்களை மூன்று தட்டுகளில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20-ஐ நான்காவதில் எழுதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்த ஒரு தட்டு அழிந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதில் இருந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். கணினி செய்வது இதைவிட நுட்பமானது, கருத்து இதுவே. ரெய்டு என்று பெயர் பெற்ற இந்த முறையை 1988இல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். இரண்டு தட்டுகள் சேர்ந்து அழிந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்படி நேராது என்றிருந்தேன். நான்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியதையும், அவை ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஆறு கத்திரி வெயில்களில் சேர்ந்தே வெந்ததையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் தட்டு ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுபோயிற்று. புதியதை வரவழைக்க ஒன்பது நாட்கள் ஆயின. அதைப் பொருத்தியவுடன் பெட்டி, இழந்ததைத் திரும்ப எழுதத் தொடங்கியது. அதற்கு மீந்த மூன்று தட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாக வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடப்படாத பகுதிகளும் அப்போதுதான் தொடப்படும். நூற்றுக்கு 61 என்று திரை காட்டிக்கொண்டிருந்த நள்ளிரவில் 'டக், டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. இரண்டாவது தட்டும் போயிற்று. பின்னர் தேடிப் பார்த்தபோது, அந்தத் தட்டின் நிலைகுறித்துப் பெட்டி ஐந்து மாதங்களாக எச்சரிக்கை அனுப்பிவந்தது தெரிந்தது. நான் திறப்பதையே விட்டுவிட்ட ஒரு பழைய மின்னஞ்சல் முகவரிக்கு அவை யாவும் போயிருந்தன.

சென்னையில் தரவு மீட்பவர் ஒருவரிடம் இரண்டையும் எடுத்துச் சென்றேன். அவர் ஒன்றைத் திறந்து காட்டினார். கண்ணாடிபோல் பளபளத்த வட்டத்தில் மெல்லிய வளையமாக ஒரு கீறல். வாசிக்கும் தலை அந்தத் தட்டைத் தொடுவதில்லையாம். தலைமயிரின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், காற்றின்மேல் மிதந்து செல்கிறது. அதைத் தாங்கும் துணுக்கு, அலுமினியம் ஆக்சைடும் டைட்டானியம் கார்பைடும் சேர்ந்த ஒருவகைப் பீங்கான் என்றார். விருத்தாசலத்திலிருந்து வந்தவனிடம் அதைச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. கீறிப்போன பகுதி திரும்பாது என்பதைப் பொறுமையாக விளக்கினார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பி வந்த வாரத்தில் பெரியவரின் மகள் வந்தார். "ஐயா, அப்பாவோட நினைவுநாள் வருது. அவங்க பேசினது உங்ககிட்ட இருக்குல்ல, கூட்டத்துல போட்டுக் காட்டலாமா?" என்று கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்று கூறி அனுப்பினேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பதை அறிந்தே அப்படிக் கூறினேன். அந்த ஞாயிறுதான் உங்களிடம் பாதி உண்மையைச் சொன்னது.

ஆயினும் நீங்கள் வந்தீர்கள். பென்டிரைவ்களும், திரை உடைந்த கைபேசிகளும், திருமணக் குறுந்தகடுகளும் மேசையில் குவிந்தன. சார்ஜாவில் பணிபுரியும் ஒரு சகோதரி, வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பிரசங்கங்களில் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டின் மூலநூல் பீரோவிலேயே பத்திரமாக இருந்தது. ஏறத்தாழ எல்லாம் திரும்பின. திரும்பியவற்றைப் பட்டியலிட்டபோது, அவை யாவும் நான் எப்போதோ யாருக்கோ கொடுத்தவை என்பதைக் கண்டேன். செம்மை செய்து கொடுக்கலாம் என்று நான் பொத்தி வைத்தது மட்டும் வரவில்லை.

அந்நாட்களில் யாழ்ப்பாணம் என் நினைவில் அடிக்கடி வந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி அங்குள்ள பொது நூலகத்தை எரித்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் வாங்கவும் முடிந்தது. அங்கே மட்டும் இருந்த சுவடிகள் போனவை போனவையே. ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. எங்கெங்கோ மீந்திருந்த பிரதிகளிலிருந்தே அதன் சேகரம் வளர்ந்துள்ளது. ஒரு பட்டணத்தின் துயரத்தோடு என் அலட்சியத்தை நான் ஒப்பிடவில்லை. அங்கே எரித்தவர்கள் இருந்தார்கள். இங்கே நான் மட்டுமே இருந்தேன்.

வேதத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. பட்டணம் முற்றுகையிடப்பட்டிருக்கும்போது எரேமியா ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரம் இரண்டு படி. ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று திறந்திருப்பது. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கினிடம் சொல்லுகிறார். இவ்வூரில் பிரசங்கிக்கும் நான் இப்பகுதியை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். பாண்டத்தைப் பற்றியே பேசுவேன். இரண்டு படி என்பதைக் கடந்து போய்விடுவேன்.

புதிய பெட்டியை நம் வாலிபர்கள் இருவர் அமைத்துக் கொடுத்தனர். வெவ்வேறு மாதங்களில் வாங்கிய இரண்டு தட்டுகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். மாதம் ஒருமுறை எல்லாம் வாசித்துச் சோதிக்கப்படும். தனியாக ஒரு தட்டு, வீட்டுக்கு வெளியே ஒரு சபையார் இல்லத்தில் இருக்கிறது. பெட்டி இப்போது அலமாரியின் அடித்தட்டில், யுபிஎஸ் பக்கத்தில் உள்ளது. எச்சரிக்கைகள் என் கைபேசிக்கே வருகின்றன.

பெரியவரின் மகளிடம் உண்மையைக் கூற அவர் வீட்டிற்கே சென்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன் ஐயா, அப்பவே குடுத்திருக்கலாமே, இரைச்சலோட" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, மூன்றாம் மாலையில் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த சிறுவன் தன் பழைய கைபேசியில் நான்கு நிமிடம் எடுத்திருந்தது கிடைத்தது. சூளையின் பார்வைத் துளைவழியே நெருப்பின் நிறத்தைக் கண்டு சூட்டை எப்படி அறிவது என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். மின்விசிறி இரைகிறது. நினைவுநாள் கூட்டத்தில் அதை இருமுறை ஒலிக்கச் செய்தோம்.

யோயாக்கீம் ராஜா சுருளை அறுத்து நெருப்பில் எறிந்தபின், எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு மறுபடியும் எழுதினான் அல்லவா? எங்களுக்குச் சொல்லுகிறவர் இல்லை. ஆனாலும் வியாழன்தோறும் அந்த அக்காவும் நானும் அமர்ந்து, நினைவில் நிற்பவற்றை ஒரு கோடிட்ட நோட்டில் எழுதி வருகிறோம். இதுவரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. பக்கங்களை எழுதிய அன்றே அவர் தம்பிக்கு நெய்வேலிக்குப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார். கொட்டகைக் காலத்துக் கிணறு தெற்கே இருந்ததாக அவர் சொல்கிறார். பெரியவர் வடக்கே என்று சொன்னதாக எனக்கு நினைவு. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம். கிணற்றைக் கண்டவர்கள் யாரேனும் இருந்தால் வியாழன் மாலை ஆறு மணிக்கு வாருங்கள்.