மலைமண்ணும் கடற்சேறும்

கண்டி மாநகரிலிருந்து தலாத்துஓயா வழியாகத் தென்கிழக்கே மலையேறிச் செல்லும் பாதை ஹேவாஹெட்டையை அடைகிறது. சரிவெங்கும் தேயிலை, இடையிடையே லயங்களும் காய்கறித் தோட்டங்களும். இவ்வட்டாரத்து லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டின் பின் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைக் காலப்போக்கில் அழித்தபோது, மலைநாட்டைத் தாங்கி நின்றது அத்தேயிலையே.

இவ்வரலாறு பலரும் அறிந்தது. ஆனால் தேயிலைச் செடிகளுக்கிடையே வெட்டப்பட்டுள்ள கான்களில், பெருமழை நாளிலே செந்நீர் பாய்வதைக் கண்டவர்களுள் எத்தனை பேர் அதன் பயணத்தைப் பின்தொடர்ந்து எண்ணியிருப்பர்? அந்நிறம் மலையின் மேல்மண். ஓடைகள் அதனை மகாவலி கங்கையிற் சேர்க்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமான அக்கங்கையோ மூதூரின் அருகே கொட்டியாரக்குடாவில், திருகோணமலைத் துறைமுகம் அமைந்த அதே குடாவில், கடலுடன் கலக்கிறது.

மண் முழுவதும் கடலைச் சென்றடைவதில்லை. வழியிலுள்ள அணைகள் பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்கின்றன. கண்டிக்கு அண்மையில் 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்ல நீர்த்தேக்கம், 1988ஆம் ஆண்டளவில் தன் கொள்ளளவில் 44 சதவீதத்தை வண்டலுக்குப் பறிகொடுத்திருந்தது. மேல்மலைகளின் மண் எத்துணை விரைவாக இறங்குகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மண் தனித்தும் இறங்குவதில்லை. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. அதனை அடக்கச் செம்பு கலந்த மருந்துகள் தெளிக்கப்பட்டன. இலையைக் காத்த அச்செம்பு, நுண்ணிய களிமண் துகள்களையும் மக்கிய தழையையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. நீரிலே பாசிக்கும் மீன் குஞ்சுகளுக்கும் ஊறு செய்ய வல்லது. நகரக் கழிவும், துறைமுகத்திலே கப்பல்களின் எண்ணெயும் பூச்சும் இவ்வாறே சேற்றில் அடைக்கலம் புகுகின்றன.

அப்படியாயின் கழிமுகத்துச் சேறெல்லாம் நஞ்சென்று கூறிவிடலாமா? கூடாது. உலோகம் மலைப்பாறையிலும் இயற்கையாகவே உண்டு. ஆதலால் அறிஞர் முதலில் நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்குக் குலையாமல் மண்ணை எடுப்பர். ஆழத்திலுள்ள பழைய அடுக்கு முன்னாளைய நிலையையும், மேலடுக்கு நம் காலத்தையும் காட்டும். பொருள்கள் யாவும் ஒரே அளவில் தீங்கு செய்வனவுமல்ல. 1980இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஹோகன்சன் வகுத்த கணக்கில் துத்தநாகத்துக்கு 1, செம்புக்கு 5, கட்மியத்துக்கு 30, பாதரசத்துக்கு 40 என நச்சு எடைகள் அமைந்துள்ளன.

எண் மட்டும் போதாது. அச்சேற்றிலே சிற்றுயிர்களை வளர்த்து, அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பர். அவ்விடத்தில் இயல்பாக வாழும் புழுக்களையும் சிப்பிகளையும் இனம்பிரித்து எண்ணுவர். இரசாயனம், உயிர்ச்சோதனை, வாழும் உயிர்க்கூட்டம் ஆகிய மூன்றும் ஒன்றையே சுட்டினால்தான் தீர்ப்பு உறுதியாகும்.

தீர்ப்புப் பிழைத்தால் விளைவு கொடிது. காற்றுப்படாத ஆழச் சேற்றில் கந்தகத்தோடு பிணைந்து உறங்கும் உலோகம், தோண்டிக் கிளறப்படும்போது காற்றுப்பட்டு மீண்டும் நீரிற் கரையக்கூடும். கிளறாது விடுவதே சில இடங்களில் நன்று. வேறு சில இடங்களில் அகற்றியே தீரவேண்டும். ஜப்பானின் மினமாட்டாக் குடாவில் தொழிற்சாலையொன்று கழித்த பாதரசம் சேற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் ஏறியது. நோய் வெளிப்பட்டது 1956இல். பாதரசக் கழிவு நின்றது 1968இல். சேற்றை அகற்றி அடக்கும் பணி முடிவுற்றது 1990இல். மீனையே நம்பி வாழும் எக்கரையோரக் குடும்பத்துக்கும் இது எச்சரிக்கையன்றோ?

கடலடிச் சேற்றைத் தூய்மை செய்வது பெரும்பொருட் செலவு. மலைச்சரிவில் மண்ணை நிறுத்துவதோ மண்வெட்டியும் பொறுமையும் கொண்டு ஆகும் காரியம். சரிவுக்குக் குறுக்கே கல்லணை கட்டுதல், கான்களைத் தூர்வாருதல், வெற்றிடங்களில் புல் நடுதல், மருந்தை அளவறிந்து தெளித்தல் ஆகியவை தோட்டங்கள் நெடுங்காலமாக அறிந்த முறைகளே. ஹேவாஹெட்டையில் ஒரு கூடை மண்ணைக் காப்பவர், அம்மலையின் கொழுந்தை மட்டுமன்றி, கொட்டியாரக்குடாவில் வலை வீசுபவரின் உணவையும் சேர்த்தே காக்கிறார்.